சாயம் போனாத்தான் மெட்ராஸ்

மூணு வாரமா இங்க ஒண்ணும் எழுதலை. டிஸர்ட்டேஷன் ஆணி ஜாஸ்தி. இன்னிக்கும் அதைத்தான் புடுங்கியிருக்கணும். ஆனா ஒரு கோட்டைப் பத்தி எழுதியே தீரணும்னு கை துறுதுறுங்குது. கோட்டைன்னா போட்டுக்கற கோட்டும்தான், செயின்ட் ஜார்ஜ் கோட்டையும்தான். ரெண்டும் ஒரே கதைங்கறதுதான் மேட்டரே.

ஹவுன்ஸ்லோ ஹை ஸ்ட்ரீட்ல சனிக்கிழமை காலையில சாரிட்டி ஷாப்களை ஒரு ரவுண்டு அடிக்கறது என் வழக்கம். காசு மிச்சம்ங்கறது பாதிக் காரணம். மீதிப் பாதி, பழைய உடுப்பு மேல இருக்கற கிறுக்கு. இந்த ஊர்ல அது ஒரு தனி மதம் மாதிரி. தாத்தா காலத்துக் கோட்டு, பாட்டி காலத்துக் கைப்பை, 1940-கள் மாதிரி வாரின தலைன்னு அலையற இளசுகளை லண்டன்ல எங்க வேணும்னாலும் பாக்கலாம். உடுப்பு மட்டும் பழசா இருந்தாப் போதாது, நிக்கற இடமும் பழசா இருக்கணும். எங்க ஹவுன்ஸ்லோ வெஸ்ட் ட்யூப் ஸ்டேஷன் கட்டடம் 1931-ல வந்தது. ஏழு பக்கம் உள்ள டிக்கெட் கூடம், உயரமான கூரை. அங்க நின்னு ஒரு போட்டோ எடுத்தா கறுப்பு வெள்ளைப் படத்துல இருந்து நேரா இறங்கி வந்த மாதிரி இருக்கும். (நானும் எடுத்திருக்கேன். இங்க போடறதா இல்லை :-))

போன மாசம் கையில மாட்டினது ஆம்பளைங்க போடற ஒரு கோடைக்கால ஜாக்கெட். சிவப்பு, கருநீலம், மஞ்சள், கொஞ்சம் பச்சைன்னு கட்டம் கட்டமா. கழுத்துல ஏதோ அமெரிக்கக் கடையோட லேபில், பேர் மங்கிப் போச்சு. அதுக்குக் கீழ இன்னொரு குட்டித் துண்டு. இந்தியாவில் கையால் நெய்தது, சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம்னு ஆங்கிலத்துல. ரெண்டு தரம் படிச்சேன். நம்ம ஊர் ஜவுளிக்கடையில சாயம் போகாதுன்னுதானே கியாரண்டி குடுப்பாங்க? ஏழு பவுண்டு. வாங்கிட்டேன்.

அன்னிக்கு ராத்திரி வீடியோவில அம்மாகிட்ட காட்டினேன். "ஏன்டா, இதுக்கா லண்டன் போன? லுங்கியில கோட்டு தெச்சுப் போட்டிருக்க?" என்றார். பக்கத்து அறையில இருக்கற யாழ்ப்பாணத்து அண்ணன் எட்டிப் பார்த்துட்டு, "தம்பி, இது எங்கட அப்பான்ட பாளையக்காட்டுச் சாரம் எல்லோ!" என்றார். ரெண்டு பேரும் சொன்னது நூத்துக்கு நூறு சரி. சொல்லப்போனா, அந்த அண்ணன் சொன்ன ஒரு வார்த்தையிலயே பாதி வரலாறு இருக்கு.

பாளையக்காட் லுங்கின்னு நம்ம பக்கமும் சொல்வாங்க. இதுல பாளையமும் கிடையாது, காடும் கிடையாது. அது பழவேற்காடு. மெட்ராஸுக்கு வடக்கே, ஏரியும் கடலும் சேர்ற இடத்துல டச்சுக்காரங்க 1610-களில் கோட்டை கட்டி உட்கார்ந்த ஊர். வெள்ளைக்காரன் வாயில அது புலிகாட் ஆச்சு. அங்கிருந்து கப்பலேறின கட்டம் போட்ட துணிக்கும் அதே பேர் ஒட்டிக்கிச்சு. ஒரு காலத்துல ஆங்கிலத்துல புலிகாட்னா கட்டம் போட்ட கைக்குட்டைன்னே அர்த்தம். மலேசியாவில் இன்னிக்கும் ஆம்பளைங்க வீட்டுல கட்டிக்கற கைலிக்கு 'காய்ன் பெலிகாட்'னு பேர். ஊரை மறந்துட்டாங்க, பேரை இடுப்புல கட்டிக்கிட்டு இருக்காங்க.

டச்சுக்காரங்களுக்குப் போட்டியா ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1639-ல் மெட்ராஸில் இடம் பிடித்ததற்கு முக்கியமான காரணமே துணிதான். துறைமுகமா அது ஒண்ணுமே இல்லை. கப்பல் கடல்ல நிக்கும், சரக்கை அலையில மசூலாப் படகு வெச்சுக் கொண்டுபோய் ஏத்தணும். இருந்தும் ஏன் அங்க உட்கார்ந்தாங்கன்னா, அக்கம்பக்கத்துல தறி. அதுவும் போதாதுன்னு நெசவாளர்களைக் கூட்டி வந்து ஊரே உண்டாக்கினாங்க. கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில் 1734-ல் சிந்தாதிரிப்பேட்டை. அதற்கும் முன்னாடி, 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் பேரில் காலெட்பேட்டை. நாளடைவுல அது காலாடிப்பேட்டை ஆயிடுச்சு. நெய்த துணியைத் துவைச்சு வெளுக்கறவங்க இருந்த இடம் வண்ணாரப்பேட்டை. நான் பிறந்து வளர்ந்தது இந்தக் காலாடிப்பேட்டைதாங்க. பள்ளிக்கூடத்துல ஊர்ப் பேரைச் சொன்னா பசங்க காலைத் தூக்கிக் காட்டிக் கிண்டல் பண்ணுவாங்க. அது ஒரு துணி வியாபாரியோட பேர்னு தெரிஞ்சிருந்தா பதிலுக்கு நாலு விட்டிருக்கலாம்.

இந்தக் கட்டத் துணியோட சூட்சுமம் எளிமையானது. துணியில அச்சடிக்கறது கிடையாது. நூலுக்கு முதல்லயே சாயம் ஏத்தி, பாவுல எந்த வரிசையில நிறம் ஓடுதோ ஊடையிலயும் அதே வரிசையில ஓட்டுவாங்க. குறுக்கும் நெடுக்கும் சந்திக்கற இடத்துல மூணாவது நிறம் பிறக்கும். அதனால துணிக்கு நல்ல பக்கம், கெட்ட பக்கம்னு இல்லை. எப்படித் திருப்பினாலும் ஒண்ணுதான். கட்டம் அச்சடிச்ச துணியை அசல்னு யாராவது உங்ககிட்ட வித்தா உள்பக்கம் திருப்பிப் பாருங்க, வெளுத்திருக்கும்.

சாயத்துக்கு வருவோம். சோழமண்டலக் கரையோட சிவப்பு, சாயவேர்ல இருந்து வந்தது. சித்த மருந்துக்கடையில கேட்டா இம்பூறல்னு எடுத்துக் குடுப்பாங்க. மணல் நிலத்துல வளர்ற சின்னச் செடி. அவுரி நீலம், சாயவேர்ச் சிவப்பு, ரெண்டும் துவைச்சாப் போகாது. 17-ம் நூற்றாண்டில் ஐரோப்பா நம்ம துணி மேல பித்துப் பிடிச்சு அலைஞ்சதுக்கு இதுதான் காரணம். அங்க பருத்தியில நிறம் நிக்க வைக்கற வித்தை கைகூடலை. நம்ம சீட்டித் துணியோ துவைக்கத் துவைக்க அப்படியே இருந்தது. லண்டன் சீமாட்டியில இருந்து வேலைக்காரப் பெண் வரைக்கும் எல்லாரும் அதைக் கட்ட ஆரம்பிச்சாங்க.

அதுக்கு வந்தது எதிர்ப்பு. 1700-ல் அச்சிட்ட, சாயமிட்ட இந்தியப் பருத்தித் துணியை உள்நாட்டில் விற்க இறக்குமதி செய்வதைத் தடுத்து ஒரு சட்டம். அதுவும் பத்தலை. 1719 கோடையில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள் தெருவில் இறங்கி, காலிகோ உடுத்திப் போகும் பெண்களைத் துரத்தி, உடம்பில இருந்த துணியைக் கிழிச்சாங்க. மையும் திராவகமும் ஊத்தினாங்க. 1721-ல் வந்த இரண்டாவது சட்டம் அதை உடுத்துவதையே குற்றமாக்கியது; உடுத்தினவருக்கு 5 பவுண்டு அபராதம். அந்தக் காலத்து அஞ்சு பவுண்டு, நான் குடுத்த ஏழோட சேர்த்துப் பாக்காதீங்க. இதுல ஒரு விசேஷம்: அதே ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ், பிரிக் லேன் சுத்துவட்டாரத்துலதான் இன்னிக்கு லண்டனோட விண்டேஜ் துணிக்கடைகள் வரிசையா நிக்குது. அந்த நெசவாளர்கள் மேல எனக்குப் பெரிய கோபம் வரலை, அவங்களுக்கும் வயிறுதான். ஆனா வயித்துக்காக அடிச்சது கம்பெனியை இல்லை, தெருவில போன பொம்பளையை.

சட்டத்துல ஒரு ஓட்டை இருந்தது. இங்க உடுத்தக் கூடாது. இங்க இறக்கி வேற தேசத்துக்கு அனுப்பலாம். அப்படி அனுப்பின இடங்கள்ல ஒண்ணு மேற்கு ஆப்பிரிக்கா. அங்கே அந்தத் துணி என்ன வாங்கியதுன்னு சொல்ல வேண்டியதில்லை. 18-ம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் கப்பல்கள் ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை வாங்கக் கொண்டுபோன சரக்கில் இந்தியத் துணிக்குப் பெரிய பங்கு. நம்ம பேட்டைகளில் நெய்த கட்டம் அந்தக் கணக்குல வரும். எங்க ஊர்ப் பெருமையைப் பாட ஆரம்பிச்சு இந்த இடத்துக்கு வந்தப்ப எனக்கு ரெண்டு நாள் எழுத ஓடலை.

ஆனா துணி அங்கே வேற ஒரு வாழ்க்கையும் வாழ்ந்தது. நைஜீரியாவில் நைஜர் கழிமுகத்தில் கலபாரி மக்கள் இதை 'இஞ்சிரி' என்கிறார்கள். பிறந்த குழந்தையைச் சுத்தறதும் அதிலதான், இறந்தவரைக் கிடத்தற அறையை அலங்கரிக்கறதும் அதிலதான். அவங்க பெண்கள் பிளேடால் கட்டத்துல சில நூல்களை மட்டும் அறுத்து உருவி, துணிக்குள்ள புதுசா ஒரு வடிவத்தைக் கொண்டு வருவாங்க. 'பெலெட்டே பிட்டே'ன்னு பேர். நம்ம ஆள் நூல் நூலாச் சேர்த்தான், அவங்க நூல் நூலா எடுத்தாங்க. இன்னும் சில நைஜீரிய இனங்கள் மெட்ராஸ் துணியை 'ஜார்ஜ்'னு கூப்பிடுது. நம்ம ஜார்ஜ் கோட்டைதான் அது.

கரீபியன் தீவுகளுக்குப் போனா பேரே 'மெட்ராஸ்'. ஸ்பெயின் ஆட்சியில் இருந்த லூசியானாவில் 1786-ல் கவர்னர் மிரோ ஒரு உத்தரவு போட்டார்: கறுப்பின, கலப்பினப் பெண்கள் தலைமுடியைத் துணியால மறைக்கணும். அடக்கத்தான் போட்ட உத்தரவு. அந்தப் பெண்களோ பளீர்னு இருக்கற துணியா எடுத்து, கோபுரம் மாதிரிக் கட்டி, வெள்ளைக்காரச் சீமாட்டிகளே பார்த்துப் பொறாமைப்படற ஃபேஷன் ஆக்கிட்டாங்க. மார்த்தினிக், குவாடலூப், டொமினிகா, செயின்ட் லூசியா தீவுகள்ல மெட்ராஸ் தலைக்கட்டுக்கு ஒரு பாஷையே உண்டு. ஒரு கொம்பு வெச்சுக் கட்டினா மனசு காலி. ரெண்டு கொம்பு, பேசி முடிச்சாச்சு. மூணு, கல்யாணம் ஆயிடுச்சு. நாலுன்னா, கல்யாணம் ஆனா என்ன, முயற்சி பண்ணிப் பாருங்க! (ஹி ஹி... நான் சொல்லலை, அந்த ஊர் வழக்கம்.) 1853-ல் மார்த்தினிக்குக்கும் 1854-ல் குவாடலூப்புக்கும் தமிழ்க் கூலிகள் கப்பலில் போய் இறங்கினபோது, ஊர்க்காரப் பெண்கள் தலையில ஏற்கெனவே நம்ம துணி இருந்தது. முகம் தெரியாத ஊர்ல கரையிறங்கி, அந்தக் கட்டத்தைப் பார்த்தவங்களுக்கு என்ன தோணியிருக்கும்?

எனக்கே இங்க ஒண்ணு நடந்தது. சவுத்தால் போற 120 பஸ்ல அந்தக் கோட்டோட உட்கார்ந்திருந்தேன். பக்கத்துல இருந்த வயசான அம்மா கைப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்து, இது எங்க தேசிய உடைத் துணியாச்சே, உனக்கு எப்படிக் கிடைச்சதுன்னு கேட்டாங்க. செயின்ட் லூசியாக்காரங்களாம். மெட்ராஸ் என் ஊர்னு சொன்னேன். அப்படி ஒரு ஊர் இருக்கான்னு ஆச்சரியப்பட்டாங்க. அவங்களுக்கு அது துணியோட பேர் மட்டும்தான்.

இனி என் கோட்டோட கதை. 1930-களிலேயே கரீபியன் தீவுகளுக்கு விடுமுறை போன பணக்கார அமெரிக்கர்கள் கண்ணில் இந்தத் துணி பட்டுவிட்டது. காசுள்ளவன் மட்டும் போகிற இடத்தில இருந்து வந்ததால அதுக்கு அந்தஸ்து. பிறகு வந்தது 1958. வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க ஜவுளி இறக்குமதியாளர் இந்தியா வந்து, கண்ணூர்க்காரரான கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயரிடம் கெஜம் ஒரு டாலர்னு மெட்ராஸ் துணி வாங்கினார். நாயர் பிற்காலப் பேட்டிகளில் சொன்ன கதை இது: பச்சைத் தண்ணியில பதமா அலசணும், இல்லாட்டி சாயம் போகும்னு அவர் எச்சரிச்சு அனுப்பினாராம். ஜேக்கப்சன் அதை யாருக்கும் சொல்லலை. பத்தாயிரம் கெஜமும் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போய்ச் சட்டையும் ஜாக்கெட்டுமாகி வித்துத் தீர்ந்தது. ஜனங்க அதை வாஷிங் மெஷின்ல போட்டாங்க. எல்லாம் கலந்து வானவில் ஆயிடுச்சு. புகார் குவிஞ்சது. நாயரை அமெரிக்காவுக்கு வரவழைச்சாங்க. கேஸ் போடறதுக்குப் பதிலா வக்கீல்கள் ஒரு வழி கண்டுபிடிச்சு, செவன்டீன் பத்திரிகைக்கு அவரைப் பேட்டி குடுக்க வெச்சாங்க. சாயம் போகும் அதிசயத் துணி, ஒவ்வொரு துவைப்புக்கும் ஒரு புது நிறம்னு பத்திரிகையில பக்கம் பக்கமா வந்ததும், புகார் சொன்ன அதே ஜனம் கடையில வரிசையில நின்னது. அதுக்கப்புறம் வந்த விளம்பரங்களும் லேபில்களும்தான் சாயம் போகும்னு உத்தரவாதம் குடுத்தது. நாயர் பின்னாளில் மனைவி பேரில் லீலா ஹோட்டல்களைக் கட்டினார். 2014-ல் 92 வயதில் காலமானார். கெட்டிக்காரர், சந்தேகமே இல்லை.

எனக்கு மண்டையில குடையறது வேற. 17-ம் நூற்றாண்டுல சாயம் போகாததால ஜெயிச்ச கரை, 20-ம் நூற்றாண்டுல சாயம் போனதால ஜெயிச்சது. ரெண்டு தடவையும் நல்லது எது, குறை எதுன்னு தீர்மானிச்சது தறியில உட்கார்ந்தவன் இல்லை. சாயம் ஒட்டாத நூல்ல நெய்து குடுத்தா நம்ம ஊர்ல கூலியைத்தான் பிடிப்பாங்க. கடல் தாண்டினா அதுவே அழகு.

அங்கிருந்து மெட்ராஸ் ஜாக்கெட் அமெரிக்கக் கல்லூரிப் பசங்களோட சீருடை மாதிரி ஆச்சு. 1965-ல் தெருயோஷி ஹயாஷிதா என்ற ஜப்பானியப் புகைப்படக்காரர் யேல், ஹார்வர்ட், பிரின்ஸ்டன் மாதிரியான கல்லூரிகளில் சுற்றி எடுத்த படங்கள் 'டேக் ஐவி' என்ற புத்தகமாக டோக்கியோவில் வந்தது. விண்டேஜ் பித்தர்களுக்கு அது வேதம். 2010-ல் ஆங்கிலப் பதிப்பும் வந்தது. யேல்னு சொன்னதும் ஒண்ணு சொல்லணும். அந்தக் கல்லூரிக்குப் பேர் குடுத்த எலிஹு யேல், 1687 முதல் 1692 வரை மெட்ராஸ் கவர்னர். 1718-ல் அவர் அனுப்பினது 417 புத்தகம், ராஜா ஜார்ஜோட படம் ஒண்ணு, ஒன்பது பொதி சரக்கு. துணிமணி இருந்த அந்தப் பொதிகளை வித்து வந்த 562 பவுண்டுலதான் கட்டடம் எழும்பிச்சு. கல்லூரிக்கு அஸ்திவாரமும் துணி, பசங்க முதுகிலயும் துணி.

லண்டனுக்கு இந்த ஐவி பாணி வந்து இறங்கினது, நம்புங்க, எங்க வீட்டுக்குப் பக்கத்துல. ஹவுன்ஸ்லோவில எச்37 பஸ் ஏறினா ரிச்மண்ட். அங்க ஹில் ரைஸ்ல 1960-களின் நடுவில் ஜான் சைமன்ஸ் தன் கூட்டாளியோட 'ஐவி ஷாப்' தொடங்கினார். அமெரிக்க பட்டன்-டவுன் சட்டை, ஜாக்கெட், லோஃபர் எல்லாம் மாட் பசங்களுக்கு அங்கதான் கிடைச்சது. இப்ப அந்தக் கடை அங்க இல்லை. ஒரு ஞாயித்துக்கிழமை போய் நின்னுட்டு வந்தேன். என் கோட்டு ஒருவேளை அங்க வித்ததா இருக்கலாம்னு ஒரு நப்பாசை.

அந்த பட்டன்-டவுன் கட்டம் போட்ட சட்டை அப்படியே இறங்கி, 1960-கள் கடைசியில ஸ்கின்ஹெட் பசங்களோட அடையாளம் ஆச்சு. மொட்டைத் தலை, பூட்ஸ், சஸ்பெண்டர், கட்டம் போட்ட சட்டை. அவங்கள்ல ஒரு பகுதி தெற்காசியர்களைத் தேடிப் போய் அடிக்கறதையே பொழுதுபோக்கா வெச்சிருந்தாங்க. எதிர்த்திசையில 120 பஸ் போற சவுத்தால்ல 1976 ஜூன் 4 அன்று குர்தீப் சிங் சாக்கர் என்ற 18 வயது மாணவன் வெள்ளை இளைஞர்களால் தெருவில் குத்திக் கொல்லப்பட்டான். 1981 ஜூலை 3-ல் பஸ் பஸ்ஸாக ஸ்கின்ஹெட்கள் ஹாம்ப்ரோ டேவர்னில் ஒரு கச்சேரிக்கு வந்து, வர்ற வழியில கடைகளை உடைக்க, சவுத்தால் பசங்க திருப்பி நின்னாங்க. அந்த பப் அன்னிக்கு ராத்திரியே எரிஞ்சது. பழசு அழகு, அந்தக் காலம் மாதிரி வருமான்னு போட்டோ போடற நண்பர்கள்கிட்ட இதை நான் வாதமாச் சொல்றதில்லை. ஆனா அந்தக் காலத்துல என் நிறத்துல ஒருத்தன் இந்தக் கட்டத்தைப் போட்டுக்கிட்டு இதே பஸ்ல நிம்மதியாப் போயிருக்க முடியுமாங்கறது நினைப்புல வரத்தான் செய்யும். அவங்க ஏக்கம் 1960-ஓட கல்லூரி மைதானத்துக்கு. என் ஏக்கம் காலாடிப்பேட்டைத் திண்ணைக்கு. துணி ஒண்ணுதான்.

திண்ணையிலும் எல்லாம் தேனும் பாலும் இல்லை. எங்க தாத்தாவுக்கு வீட்டுல எப்பவும் கட்டம் போட்ட கைலிதான். வாசல்ல யாராவது பெரிய மனுஷங்க குரல் கேட்டா அவசரமா உள்ள போய் வேட்டிக்கு மாறிடுவார். கைலியோட ரேஷன் கடைக்குப் போகலாம், கல்யாணத்துக்குப் போகக் கூடாது. சில இடங்கள்ல கைலி கட்டினவனை உள்ளேயே விடமாட்டான். அமெரிக்காவுல அதையே கோட்டாத் தெச்சு கிளப்புக்குப் போட்டுக்கிட்டுப் போனாங்கன்னு அவருக்குத் தெரிஞ்சா சிரிச்சிருப்பாரா, திட்டியிருப்பாரா? திட்டியிருப்பார்னுதான் தோணுது.

1985-ல் வந்த மத்திய சட்டம் சில துணி வகைகளைக் கைத்தறிக்கு மட்டும்னு ஒதுக்கியது. முதல்ல 22 வகை, பிறகு 11 ஆகக் குறைஞ்சது. குறைஞ்ச பட்டியல்லயும் லுங்கி இருக்கு. நாம கடையில வாங்கறது பெரும்பாலும் விசைத்தறியில வந்ததுதான்ங்கறது வேற விஷயம்.

யாருக்காவது அசல் பழைய மெட்ராஸ் மாட்டினா, மெஷின் பக்கமே போகாதீங்க. உப்புப் போட்ட பச்சைத் தண்ணி, தனி வாளி, முறுக்காமப் பிழிஞ்சு நிழல்ல காய வைங்க.

அப்புறம், மக்களே, ஒரு கேள்வி. கைலி, லுங்கி, சாரம், சங்குமார்க்குன்னு ஊருக்கு ஒரு பேர் இருக்கு. உங்க வீட்டுல அந்தக் கட்டம் போட்ட துணிக்கு என்ன பேர்? குடியாத்தம் பக்கத்துக்காரங்க, சீராலா போய் வந்தவங்க, மலேசியா, மொரீஷியஸ் நண்பர்கள் எல்லாரும் கொஞ்சம் பின்னூட்டத்துல சொல்லுங்க. வீட்டுப் பெரியவங்க யாராவது தறியில உட்கார்ந்தவங்களா இருந்தா, பாவுல எந்த நிறத்துக்கு அப்புறம் எந்த நிறம் ஓட்டினாங்கன்னு அவங்ககிட்டயே கேட்டு எழுதினா இன்னும் நல்லது. ஆணி புடுங்கப் போறேன்.